வழிமொழிந்தவர் பெயர் இல்லை

1

இந்தக் கதை ஒரு கார் நிறுத்தத்தில் தொடங்கியது. போன வருடம் பிப்ரவரி, திங்கள்கிழமை, மாலை ஐந்து பத்து. பள்ளி வாரியக் கூட்டம் ஆறு மணிக்கு. காருக்குள் இருந்த சூட்டை விட்டு இறங்க மனமில்லாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். நெப்ராஸ்காவில் இருக்கும் எங்கள் பள்ளி மாவட்டத்தின் இணையப் பக்கத்தில் 'வாரிய முடிவுகளும் அறிவிப்புகளும்' என்று ஒரு மூலை உண்டு. கூட்டம் முடிந்த மறுநாள் அதில் சுருக்கம் போடுவார்கள். யாரும் படிப்பதில்லை. அன்று அதில் புதிதாக ஒன்று ஏறியிருந்தது. அன்றைய தேதி. அன்றைய கூட்டம்.

"லிண்ட் ஆரம்பப் பள்ளியை இக்கல்வியாண்டின் முடிவில் மூடுவதென வாரியம் ஒருமனதாக முடிவு செய்தது. பொதுமக்களில் பதினான்கு பேர் பேசினர். அவர்களது கருத்துகளுக்கு வாரியம் நன்றி தெரிவித்தது."

கூட்டம் தொடங்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். பதின்மூன்று பேர் பேசினார்கள். அப்பாடா, ஒன்றாவது பொய்த்தது என்று ஓர் அற்ப சந்தோஷம் எனக்கு. அப்போதுதான் தலைவர் கேட்டார், "வேற யாராச்சும் பேசணுமா?"

நான் பேசப் போகவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் ஆத்திரம் வந்தால் எனக்குக் கால் தானாக எழுந்துகொள்ளும். மைக்கின் முன்னால் போய் நின்ற பிறகுதான் உறைத்தது, பதினான்காவது ஆள் நான்.

ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு. "லிண்ட் பள்ளியிலதான் நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆள் நான். அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் இல்லன்னா" என்று நான் சொல்லும்போது சிவப்பு எரிந்தது.

"ரொம்ப நன்றிம்மா," என்றார் தலைவர். "அடுத்த பொருள்."

மேசையின் ஓரத்தில் வாரியச் செயலர், கூட்டக் குறிப்பு எழுதும் பெண், உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் பேசிய மூன்று நிமிடமும் அவள் கை மடியில் இருந்தது. ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. எதற்குத் தட்ட வேண்டும்? நான் பேசியதை அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

லோரெட்டா ஒரு ராட்சசி. அவள் விரல் பட்டால்

(இல்லை. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. லோரெட்டா நான் வைத்த பெயர். மாவட்டச் சம்பளத்தில் குளிர்கால பூட்ஸுக்கு இரண்டு வருடமாக ஒட்டுப் போட்டு நடக்கிறவளை ராட்சசி என்று எழுத எனக்கு என்ன தகுதி?)

இரண்டாவது:

நெப்ராஸ்காவின் சமவெளியில் வாடைக்காற்று

(காற்றில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

மூன்றாவது தொடக்கம் கீழே. அதற்கு முன் ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். நிஜத்தில் ஓட்டெடுப்பு பிப்ரவரியில் நடந்தது. கதையில் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கிறேன். கதையிலாவது அந்தப் பள்ளிக்கு ஒரு மாதம் அவகாசம் கிடைக்கட்டும்.

3

லோரெட்டா பத்தொன்பது வருடமாக வாரியச் செயலர். அவளுக்கு ஓட்டு கிடையாது, பேச்சு கிடையாது. எழுத்து மட்டும்தான். ஆறு உறுப்பினர்கள், வருடக்கணக்கில் ஒரே கூட்டம். தலைவர் எல்டன் ஸ்ட்ரோபெல் பொருளை வாசிப்பார். கர்ட் வீலர், விதை வியாபாரி, "முன்மொழியறேன்" என்பார், கொட்டாவியோடு. நோர்மா டெசார், ஓய்வுபெற்ற நர்ஸ், பின்னல் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் "வழிமொழியறேன்" என்பாள். பிறகு பெயர் சொல்லி ஓட்டு. ஆம், ஆம், ஆம், ஆம், ஆம், ஆம்.

தீர்மானத்துக்கு இரண்டு குரல் வேண்டும், அது விதி. ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இரண்டாவது குரல் வராவிட்டால் ஓட்டுக்கே போகாது, அங்கேயே செத்தது. லோரெட்டாவின் பத்தொன்பது வருடத்தில் ஒரு தீர்மானமும் அப்படிச் சாகவில்லை.

ஆகவே அவள் முன்கூட்டி எழுத ஆரம்பித்தாள். முதலில் பொருள்களின் தலைப்பை மட்டும் எழுதிவைத்தாள். அடுத்த வருடம் கர்ட்டின் பெயரையும். அதற்கடுத்த வருடம் நோர்மாவின் பெயரையும். பிறகு ஓட்டு. கூட்டம் நடக்கும்போது எழுதியதன்மேல் கண்ணை ஓட்டிச் சரிபார்த்தால் போதும். அடுத்த கூட்டத்தில் எல்டன், "போன மாசக் குறிப்ப எல்லாரும் பாத்தாச்சா?" என்பார். ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். "அப்படியே ஏத்துக்கறோம்."*

போன இலையுதிர்காலத்தில்தான் அவள் கடைசி இடைவெளியையும் நிரப்பினாள். கூட்டம் முடிந்த நேரம். ஏதாவது போட்டுவைப்போம், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று 7:42 என்று போட்டாள்.

7:42க்கு முடிந்தது.

அடுத்த மாதம் 7:28 என்று போட்டாள். ஆண்டு வேலைத்திட்டம், கூரைப் பழுது, கைப்பந்து அணியின் சீருடைச் சண்டை என்று ஒன்பது மணி வரை இழுக்க வேண்டிய கூட்டம். ஏழே காலுக்கு அறையைச் சூடாக்கும் எந்திரம் நின்றுபோனது. பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் வாயில் புகை வந்தது. "வீட்டுக்குப் போலாம்பா, வெறைச்சுப் போச்சு," என்றார் எல்டன். சுவர்க் கடிகாரத்தை லோரெட்டா பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

* ஏற்றுக்கொள்ளப்பட்ட குறிப்புதான் நடந்தது. நடந்தது நடந்ததல்ல. கல்லூரியில் நாலு வருடம் படித்து நான் கற்றதை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

4

பிப்ரவரிக் கூட்டத்துக்கு முன்னால் அவள் தன்னையே சோதித்துப் பார்த்தாள். நடக்கவே முடியாத ஒன்றைத் தேடினாள். பூட்டிய ஜன்னல், வெளியே முழங்கால் பனி. ஐந்தாம் பொருளுக்கும் ஆறாம் பொருளுக்கும் நடுவில் தட்டினாள்: "ஒரு பறவை அறைக்குள் வந்தது. கூட்டம் சிறிது நேரம் தடைப்பட்டது."

எழுதிவிட்டுச் சிரித்தாள். பைத்தியக்காரின்னு பேரு எடுக்கப் போறேன், வேறென்ன.

ஐந்தாம் பொருள் முடிந்தது. எல்டன் தாளைப் புரட்டினார். கூரையில் காற்றுப் போக்கியின் தகடு ஒரு தடவை டிக்கென்றது. கறுப்பாக ஏதோ ஒன்று கர்ட் வீலரின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்து, எழுந்து, அறையைச் சுற்றியது. ஒரு மைனா மாதிரிக் குருவி.

"ஐயோ, என் நூலு!" என்றாள் நோர்மா.

"கதவத் தொறங்கப்பா யாராச்சும்!"

"கர்ட், உன்னப் பாக்க உன் சொந்தக்காரன் வந்திருக்கான்யா," என்றார் எல்டன். எல்லோரும் சிரித்தார்கள். அது கதவு வழியே போன பிறகு எல்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "லோரெட்டா, இதையும் மினிட்ஸ்ல போட்டுக்கோம்மா."

"போட்டாச்சு," என்றாள் லோரெட்டா.

5

லோரெட்டாவின் கணவன் டெல்பர்ட் மாவட்டத்தில் பஸ் ஓட்டுகிறான். (இவனை நான் ஏன் உண்டாக்கினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை.) ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இருவரும். சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பு, கூடவே இலவங்கப்பட்டை உருண்டை ரொட்டி. பள்ளிக்கூடத்தில் புதன்தோறும் போடும் அதே ஜோடி. டெல்பர்ட் ரொட்டியைச் சில்லியில் முக்கித்தான் தின்பான்.

"லிண்டை மூடிட்டா அந்தப் புள்ளைங்கள யாரு கூட்டியாருவா?" என்றாள் லோரெட்டா.

"நான்தான். வேற எவன் இருக்கான்? பெர்னி கண்ணு தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டான். இருவத்திரண்டு மைலு. தானியக் கோபுரத்துக்குப் பின்னாடி போற ரோடு."

"அங்க தண்டவாளம் இருக்குல்ல."

"ஆமா."

"கேட்டு கெடையாது."

"ரயில் வரும்னு எச்சரிக்கிற குறுக்குப் பலகை நட்டிருக்கே. அது போதாதா ஒனக்கு?" அவன் விரலை நக்கினான். "ஏய் லோரி, மூஞ்சிய ஏன் இப்படி வெக்கறே? முப்பது வருசமா ஓட்டறேன். நிறுத்துவேன், கதவத் தொறப்பேன், ஜன்னல எறக்குவேன், 'எல்லாரும் வாய மூடு'ன்னு ஒரு சத்தம். ஒரு ஈ பறந்தாக் கேக்கும். அப்பறம்தான் வண்டிய நகத்துவேன். பனிமூட்டத்துல கண்ண நம்பறவன் முட்டாள். காதுதான்."

"புள்ளைங்க வாய மூடலன்னா?"

"மூடுவாங்க. நான் மொறைச்சா ஒம்மவனே மூடினான், மத்ததெல்லாம் எம்மாத்திரம்."

"அவன் உன்னப் பாத்தா மூடினான்? நான் கரண்டியத் தூக்கினதப் பாத்து மூடினான்யா."

டெல்பர்ட் வாயில் ரொட்டியோடு சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அலுவலகச் சாவியை எடுத்துக்கொண்டு, மார்ச் கூட்டக் குறிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

6

கோப்பைத் திறந்தாள். வருகை. கொடி வணக்கம். அதற்கடுத்து, அவள் தட்டாத ஒரு வரி:

"வாரியம் ஒரு நிமிடம் மௌனம் காத்தது."

பெயர் இல்லை. யாருக்காக என்று இல்லை.

பழைய மார்ச் குறிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று பத்தொன்பது மார்ச்சுகளையும் திறந்து பார்த்தாள். எதிலும் இல்லை. வரியை அழித்தாள். சேமித்தாள். மூடினாள். திறந்தாள்.

இருந்தது.

கீழே எட்டாம் பொருள்: லிண்ட் பள்ளி. முன்மொழிந்தவர் வீலர். வழிமொழிந்தவர் டெசார். ஆம் ஆறு. இதை அவள்தான் போன வாரமே தட்டிவைத்திருந்தாள். மேலே மௌனம், கீழே டெல்பர்ட் ஓட்டப்போகும் பஸ். நடுவில் இருந்த ஏழு பொருள்களும் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போயின.

(நிறுத்துகிறேன். அந்த மௌன வரியை எழுதியது நான். வேறு யாராக இருக்க முடியும்? கதையில் பயம் போதவில்லை என்று நூலகத்தில் உட்கார்ந்து பட்டப்பகலில் தட்டினேன். எழுதிய பிறகு எனக்கே பிடிக்கவில்லை. அழித்தேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். இருந்தது. மடிக்கணினியின் கோளாறாக இருக்கும். நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நான் நம்பவில்லை. ஆனால் இரண்டாம் தடவை அழித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.)

7

இந்த இடத்தில் முடிவைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன்.

முடிவு அ: லோரெட்டா வேலையை விடுகிறாள். புதிதாக வருகிறவள் கோப்பைத் திறக்கிறாள். எல்லாம் தட்டித் தயாராக இருக்கிறது. அவளுக்கு வசதியாகப் போகிறது.

முடிவு ஆ: கூட்டத்தின் நடுவே லோரெட்டா எழுந்து, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பேசுகிறாள். எல்லோர் கண்ணிலும் நீர். எல்டன் மனம் மாறுகிறார். பள்ளி பிழைக்கிறது. (மூன்று நிமிடம் பேசி மனம் மாற்றலாம் என்று நம்புகிறவர்கள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததில்லை.)

முடிவு இ: வாரியத்தில் பேய் இருக்கிறது என்று தெரியவருகிறது. அது பழைய தலைமையாசிரியரின்

(சீ. பேய் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பேயிடம் கெஞ்சலாம், வேப்பிலை காட்டலாம், சண்டை போடலாம். இங்கே இருப்பது நடைமுறை. கொட்டாவி விட்டபடி முன்மொழிகிறது, பின்னிக்கொண்டே வழிமொழிகிறது. அதற்கு நம்மேல் கோபம்கூடக் கிடையாது.)

8

டெல்பர்ட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

அப்படி ஒருவன் இல்லை. லிண்ட் பள்ளி போன மே மாதம் மூடப்பட்டது. ஆகஸ்டிலிருந்து பஸ் ஓடுகிறது. ஓட்டுகிறவர் வேறு யாரோ, நல்ல மனிதர். அதில் போகிறவள் டெஸ்ஸா, என் தங்கை மகள், இரண்டாம் வகுப்பு. இருபத்தாறு வயதில் என்னைப் பெரியம்மா ஆக்கியவள். அவளைக் கதையில் ஏற்றக் கை வரவில்லை. அதனால் ஒரு கிழவனை உண்டாக்கி, அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, ரொட்டியைக் கையில் கொடுத்து அந்தத் தண்டவாளத்துக்கு அனுப்பினேன். கோழைத்தனம்தான்.

"பெரிம்மா, இன்னிக்கு நூத்திப் பத்துப் பெட்டி," என்றாள் போன வாரம். தானிய ரயிலை எண்ணுவது அவளுக்கு விளையாட்டு.

"எங்கடி நின்னு எண்ணினே?"

"பஸ்ல. ரொம்பக் கிட்டக்க. ஜன்னல் எல்லாம் ஆடிச்சு."

"டிரைவர் கதவத் தொறந்தாரா?"

"தொறந்தாரு. பேசாதீங்கன்னாரு. ஆனா காலெப் பாடிட்டே இருந்தான். அவன் சொன்னாக் கேக்க மாட்டான், பெரிம்மா. லூசு."

இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. பஸ் போகிறது, வருகிறது. ஆனால் எழுதியது நடக்கிறது என்ற கதையில், ஒரு மௌனத்தை எழுதிவைத்தவள் நான். அது எங்காவது போய் நடந்துதான் தீரும் என்றால், எங்கே?

ராத்திரி முழுக்க யோசிக்கவெல்லாம் இல்லை. பல் தேய்க்கும்போது தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்துவிட வேண்டும். வேறு இடத்துக்குப் போவதற்குள், இங்கேயே.

9

மார்ச் கூட்டம். ஐந்தரை மணிக்கு லோரெட்டா கோப்பைக் கடைசியாகத் திறந்தாள். மௌன வரி இருந்தது. அதைத் தொடவில்லை. எட்டாம் பொருளுக்குப் போய், வழிமொழிந்தவர் என்ற சொல்லுக்கு எதிரே இருந்த டெசார் என்ற பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். சேமித்தாள். மூடினாள். திறந்தாள்.

இடம் காலியாகவே இருந்தது.

கூட்டம் ஆரம்பித்தது. வருகை எடுத்தார்கள். கொடி வணக்கம் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள், யாரும் மௌனம் காக்கவில்லை. லோரெட்டா திரையில் அந்த வரியையே பார்த்தாள். கடைசி வரிசையில் டெல்பர்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பார்த்தபோது கண்ணடித்தான். பொதுமக்களில் பதினான்கு பேர் பேசினார்கள். பதினான்காவதாக ஒரு பெண், ஆத்திரக்காரி, பாதி வாக்கியத்தில் நின்றாள்.

"எட்டாம் பொருள்," என்றார் எல்டன். "லிண்ட் பள்ளி."

"முன்மொழியறேன்," என்றார் கர்ட் வீலர், கொட்டாவியோடு.

ஊசிகளின் சத்தம் நின்றது. நோர்மா வாயைத் திறந்தாள். அங்கே இருக்க வேண்டிய சொல்லை எங்கோ வைத்து மறந்தவள்போல மூடினாள். கையிலிருந்த நூலைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி லோரெட்டாவைப் பார்த்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அடுத்து என்ன என்று அவளிடம்தானே எழுதியிருக்கிறது.

லோரெட்டா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நோர்மா?" என்றார் எல்டன். "யாராச்சும் வழிமொழியறீங்களா?"

சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் பன்னிரண்டைத் தாண்டியது. தூரத்தில், தானியக் கோபுரத்துப் பக்கமிருந்து, ரயிலின் ஊதல். அது கேட்டது. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் கேட்டது. கடைசி வரிசையில் டெல்பர்ட் தலையைச் சாய்த்துக்கொண்டான், பஸ்ஸில் சாய்ப்பதுபோல.

10

உங்களிடம் முடிவு கேட்கவில்லை. எந்த முடிவைச் சொன்னாலும் அது ஒரு குரல். யாருடையதாக இருந்தாலும் எல்டன் அதை வழிமொழிதலாக எடுத்துக்கொள்வார்.

இத்தனை காலம் நாம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் அம்மா மூடிக்கொண்டிருந்தாள், லிண்டில் இருக்கும் அத்தனை அம்மாக்களும் மூடிக்கொண்டிருந்தார்கள், பத்தொன்பது வருடம் லோரெட்டா மூடிக்கொண்டிருந்தாள். பழக்கப்பட்ட வேலைதான் நமக்கு. இந்த ஒரு தடவை நமக்காக மூடிக்கொள்வோம். ஒரு நிமிடம். அறுபது வரை மனதுக்குள் எண்ணினால் போதும். தீர்மானம் சாகும். மௌன வரியும் நடந்து முடிந்துவிடும், இங்கே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல்.

நாளை காலை ஏழு நாற்பதுக்கு நிஜப் பஸ் அந்தக் குறுக்குப் பலகையின் முன்னால் நிற்கும். பனிமூட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். கதவு திறக்கும். இருபத்தொரு பிள்ளைகள். காலெப் பாடிக்கொண்டிருப்பான்.

எல்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அறையைத் தாண்டி, உங்களைப் பார்க்கிறார். "யாராச்சும்?"

பேசாதீர்கள். டிரைவருக்குக் கேட்க வேண்டும்.

வழிமொழிந்தவர்: